கடை சாத்தின நாளில் பிழைத்த தொழில்கள்



போன மாதம் நம் கூட்டமைப்புக் கூட்டம் முடிகிற நேரத்தில் ஒரு உறுப்பினர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "கொரோனா மாதிரி இன்னொண்ணு வந்தா நம்ம தொழில் என்னக்கா ஆகும்?" யாரும் உடனே பதில் சொல்லவில்லை. அவரவர் வீட்டில் பட்டது அவரவருக்குத்தானே தெரியும். ஆனால் கேட்ட கேள்வி நியாயமானது. 2020, 2021 இரண்டு வருஷமும் நம் கம்பம் பள்ளத்தாக்கில் சிறுதொழில்கள் எப்படி நின்றன, எப்படி மாறின, எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்று நாம் உட்கார்ந்து ஒருமுறைகூடப் பேசியதில்லை. அதைத்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம்.

மேட்டுப் பாதை அடைத்தபோது

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை வந்தது. மறுநாள் முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு. பிறகு அது மே 3, மே 17, மே 31 என்று நீண்டுகொண்டே போனது. இது எல்லா ஊருக்கும் பொது. ஆனால் நம் ஊருக்கு மட்டும் கூடுதலாக ஒரு அடி விழுந்தது.

நம் பள்ளத்தாக்கே வெளியே விற்றும், வெளியே போய் உழைத்தும் பிழைக்கிற இடம். காய்கறி, வாழை, திராட்சை எல்லாம் பெரும்பகுதி கேரளாவுக்குத்தான் ஏறும். கம்பம், கூடலூர், தேவாரம், போடி பக்கத்துப் பெண்கள் விடிவதற்கு முன்னால் ஜீப்பில் ஏறி இடுக்கி மலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போவார்கள், சாயந்தரம் திரும்புவார்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மலையேறும் பாதைகள் ஒவ்வொன்றிலும் செக்போஸ்ட் இறக்கினார்கள். சரக்கு வண்டி எப்படியோ பாஸ் வாங்கிக்கொண்டு ஏறியது. தினக்கூலிக்குப் போகிற ஜீப் ஏறவில்லை. ஏலக்காய் அறுவடை சூடு பிடிக்கிற ஆடி, ஆவணி மாதங்களிலும் தினம் போய்த் தினம் திரும்புகிற பழைய வழக்கம் நடக்கவில்லை. போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலையும் நின்றது. மார்ச்சில் நின்ற ஏலக்காய் ஏலம் மே மாதக் கடைசியில்தான் திரும்பத் தொடங்கியது.

இதோடு போகவில்லை. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா 2020, 2021 இரண்டு வருஷமும் நடக்கவில்லை. வளையல், பொரி, பொம்மை, குளிர்பானம் என்று அந்த எட்டு நாள் விற்பனையை நம்பிக் கடன் வாங்கிச் சரக்கு எடுப்பவர்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும். சுருளி அருவியும் கும்பக்கரையும் மூடிக் கிடந்தன. கோயிலும் கல்யாணமும் இல்லாததால் சீலையம்பட்டிப் பூவுக்கும் கேட்பாரில்லை. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடங்களில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1-ந்தேதிதான் திறந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் மாங்காய்க் கீற்றும் நெல்லிக்காயும் விற்கிற பாட்டிக்கு ஒன்றரை வருஷத்துக்கு மேல் வியாபாரமே கிடையாது. அவரை எந்தக் கணக்கெடுப்பிலும் யாரும் சேர்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆக, வாங்குகிறவர் வரமாட்டார். நாமும் அவரிடம் போக முடியாது. அப்படியானால் யாருக்கு விற்பது? தெருவில் இருக்கிறவர்களுக்குத்தான். அந்த நாட்களில் நின்ற தொழில்களைப் பார்த்தால், வெளியூரைப் பார்த்துக்கொண்டிருந்த முகத்தைச் சொந்தத் தெருப் பக்கம் சீக்கிரம் திருப்பியவையாக இருக்கின்றன. சொல்வதற்குச் சுலபம். அதில் லாபம் எவ்வளவு, சிக்கல் என்ன என்பதைக் கணக்கோடு பார்ப்போமா?

இட்லி போய் மாவு வந்தது

முதல் ஊரடங்கில் டீக்கடைகளை மூடச் சொல்லிவிட்டார்கள். 2020 மே 11-ந்தேதிக்குப் பிறகுதான் டீக்கடைகள் பார்சல் மட்டும் கொடுக்கலாம் என்று திறந்தார்கள். வீட்டு வாசலில் இட்லி சுட்டு விற்கிற நம் உறுப்பினர்களுக்கு அடுப்பு அணைந்தது. ஆனால் கிரைண்டர் இருந்தது. தெருவில் எல்லா வீட்டிலும் ஆட்கள் மூன்று வேளையும் வீட்டிலேயே இருந்தார்கள். ஆகவே இட்லிக்குப் பதிலாக மாவு விற்கலாமே என்று பல ஊர்களில் பெண்கள் மாறினார்கள். புது மெஷின் வேண்டாம், புதுத் தொழில் கற்க வேண்டாம். அதே அரிசி, அதே உளுந்து.

இதில் என்ன கிடைக்கும்? ஒரு உதாரணக் கணக்கு போடுகிறேன். விலைகளை உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இட்லி அரிசி 4 கிலோ 160 ரூபாய். உளுந்து ஒரு கிலோ 120. வெந்தயம், உப்பு 10. கரண்ட், பாக்கெட் கவர் 40. மொத்தம் 330 ரூபாய். இதில் ஏறத்தாழ 12 கிலோ மாவு வரும். கிலோ 35 என்று விற்றால் 420 ரூபாய். கையில் நிற்பது 90 ரூபாய்.

அதே 12 கிலோவை இட்லியாகச் சுட்டால்? கிலோவுக்கு 20 இட்லி என்றாலும் 240 இட்லி. ஒன்று 5 ரூபாய் என்றால் 1,200 ரூபாய். சாம்பார், சட்னி, கேஸ், இலை என்று 450 கழித்து, கவர் செலவு இல்லாத மாவுக்கு 300 கழித்தாலும் 450 ரூபாய் நிற்கும்.

அப்போ மாவு விற்றது முட்டாள்தனமா? இல்லை. இட்லி மீந்தால் குப்பைக்குப் போகும், மாவு மீந்தால் மறுநாள் தோசைக்குப் போகும். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து சட்னி அரைக்க வேண்டாம். முக்கியமாக, கடையே திறக்கக்கூடாது என்கிற நாளில் 450 என்பது வெறும் கனவு, 90 கையில் இருக்கிற காசு. இன்னொன்றும் உண்டு. 12 கிலோவுக்கு 90 என்றால் 40 கிலோவுக்கு 300. அளவைக் கூட்டினால்தான் மாவு கட்டுப்படியாகும். அளவைக் கூட்ட வேண்டுமென்றால் எத்தனை வீடு வாங்கும் என்று முதல்நாளே தெரிந்திருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் 5 கிலோ மாவை விற்றுவிட்டு "ஒண்ணும் நிக்கலக்கா" என்று நிறுத்தியவர்களும் உண்டு.

கடை திறந்த பிறகும் சிலர் மாவை விடவில்லை. காலையில் இட்லி, சாயந்தரம் மாவு பாக்கெட். ஒரே கிரைண்டர் இரண்டு வேளை ஓடுகிறது. நெருக்கடியில் செய்த மாற்றம் பிறகும் நிலைத்ததற்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மாஸ்க் தைத்த கதை

மாஸ்க்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். அப்போது பேப்பரிலும் டிவியிலும் மகளிர் குழு என்றாலே மாஸ்க் தைக்கிற படம்தான். உண்மையிலேயே அது பெரிய வேலை. ஊரடங்கு தொடங்கி மூன்று வாரம்கூட ஆகாத 2020 ஏப்ரல் நடுவில் உலக வங்கி வெளியிட்ட கட்டுரை ஒன்றில், 27 மாநிலங்களில் சுமார் 20,000 சுயஉதவிக் குழுக்கள் 1 கோடியே 90 லட்சத்துக்கு மேல் மாஸ்க் தைத்திருப்பதாக எழுதியிருந்தார்கள். ஆண்டிபட்டிப் பக்கம் சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரத்தில் தறி ஓடுகிற ஊர் நம்முடையது. துணிக்கும் தையலுக்கும் நமக்குப் பஞ்சம் இல்லை. தையல் மெஷின் வைத்திருந்தவர்களுக்கு அந்த மூன்று மாதம் சோறு போட்டது மாஸ்க்.

ஆனால் எத்தனை நாள்? அரசாங்கம் 2020 மார்ச்சிலேயே கடையில் விற்கிற மூன்று அடுக்கு மாஸ்க்குக்கு 10 ரூபாய், இரண்டு அடுக்குக்கு 8 ரூபாய் என்று உச்ச விலை வைத்தது. அது யூஸ் அண்ட் த்ரோ மாஸ்க்குக்கு வைத்த விலைதான். ஆனாலும் வாங்க வருகிறவர் துணி மாஸ்க்கையும் அந்த விலையோடுதான் ஒப்பிடுவார். பிறகு ஜூலை மாதக் கடைசியில் தமிழ்நாடு அரசு ரேஷன் கடை வழியாக ஆளுக்கு இரண்டு துணி மாஸ்க் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. 6 கோடியே 74 லட்சம் பேருக்கு 13 கோடியே 48 லட்சம் மாஸ்க் என்று கணக்கு. மக்களுக்கு நல்ல திட்டம். ஆனால் வீதியில் மாஸ்க் விற்றுக்கொண்டிருந்த தையல்காரம்மாவுக்கு? வீட்டுக்கு வீடு இலவசமாக வந்த பொருளை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? அதற்குள் பெரிய பனியன் கம்பெனிகளும் மாஸ்க் தைக்க இறங்கிவிட்டன.

மாஸ்க் வருமானத்தை வைத்து மெஷின் கடனை அடைத்தவர்கள் தப்பித்தார்கள். பவர் மோட்டார் வாங்கி மெஷினில் மாட்டியவர்கள் பிறகு நைட்டி, பாவாடை, துணிப்பை என்று தைக்கிறார்கள், அவர்களும் தப்பித்தார்கள். "இன்னும் ஆறு மாசம் ஓடும்" என்று நம்பிக் கடன் வாங்கித் துணி பண்டல் எடுத்துப் போட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். ஒரு பொருளுக்கு எதனால் கிராக்கி வந்தது, அந்தக் காரணம் எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டுவிட்டுத்தான் சரக்கில் காசு போட வேண்டும். மாஸ்க் கிராக்கிக்குக் காரணம் அரசு போட்ட உத்தரவு. மாவுக் கிராக்கிக்குக் காரணம் வயிறு.

காய்கறிப் பை

ஊரடங்கில் தமிழ்நாடு முழுக்கப் பரவிய ஒரு நல்ல யோசனை காய்கறிப் பை. தக்காளி, வெங்காயம், கத்தரி, முருங்கை, பச்சை மிளகாய், தேங்காய், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து ஒரு பையில் கட்டி 100 ரூபாய், 150 ரூபாய் என்று ஒரே விலை. தோட்டக்கலைத் துறை செய்தது, சில இடங்களில் குழுக்களும் செய்தன.

பார்க்கச் சாதாரணமாக இருக்கும், உள்ளே நிறைய விஷயம் இருக்கிறது. தராசு வேண்டாம். பொறுக்கி எடுக்க ஆள் நிற்க மாட்டார்கள், அதனால் கூட்டம் சேராது. சில்லறைப் பிரச்சினை இல்லை. பெரிய காய், சின்னக் காய் கலந்து போகும், மீந்த காய் என்று ஒன்று இருக்காது. எல்லாவற்றையும்விட, முதல்நாள் ராத்திரி போனில் ஆர்டர் எடுத்து, காலையில் அத்தனை பைக்கு மட்டும் காய் வாங்கினால் அழுகல் நஷ்டம் என்பதே கிடையாது. காய்கறி வியாபாரத்தில் லாபத்தைத் தின்பது அழுகல்தான். தள்ளுவண்டிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

2021 மே 24 முதல் இரண்டாம் அலையில் தளர்வு இல்லாத ஊரடங்கு போட்டபோது காய்கறிக் கடை, மளிகைக் கடைகூடத் திறக்கக்கூடாது. அப்போது தோட்டக்கலைத் துறையும் உள்ளாட்சியும் சேர்ந்து வண்டியில் காய்கறி அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து மளிகைக் கடைக்காரர்களும் போனில் ஆர்டர் எடுத்து வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று அனுமதித்தார்கள். முதல் வருஷமே தெருவில் போன் நம்பர் எழுதி வைத்திருந்தவர்களுக்கு அப்போது வேலை சுலபமாயிற்று. புதிதாக ஆரம்பித்தவர்கள் வீடு வீடாகப் போய் நம்பர் வாங்குவதற்குள் பாதி ஊரடங்கு முடிந்துவிட்டது.

பையிலும் ஒரு சங்கடம் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். "தினமும் முருங்கைக்காயே போடுறீங்க" என்று நாலாம் நாளே முணுமுணுப்பு வரும். மார்க்கெட் திறந்தவுடன் ஜனங்கள் கையால் பொறுக்கி வாங்கத்தான் போவார்கள், நாமும் அப்படித்தானே? அதனால் பை பல ஊர்களில் நின்றுவிட்டது. அதில் தப்பில்லை. நிலைத்தது பை இல்லை, ஆர்டர் எடுத்து வாங்குகிற பழக்கம். இன்றைக்கும் கீரையும் மீனும் அப்படி விற்கிறார்கள்.

பன்னீர் திராட்சை படித்துக் கொடுத்த பாடம்

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வருஷம் பூராவும் காய்க்கிற திராட்சை என்று நமக்குப் பெருமை. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர்ப் பக்கம் எந்த மாதம் போனாலும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை இருக்கும். ஆனால் ஊரடங்கில் அந்தப் பெருமையே பாரமாகிவிட்டது. கவாத்து செய்து நாலு மாதத்தில் பழம் வந்துதான் தீரும். கொரோனாவுக்காகக் கொடி காத்திருக்காது. பழுத்த பன்னீர் திராட்சை அதிக நாள் தாங்காது. வியாபாரி வரவில்லை. கேரளாவிலும் கடை இல்லை.

சரக்கு ஆட்டோவிலும் குட்டி யானையிலும் ஏற்றித் தெருத்தெருவாகக் கொண்டுவந்து விற்றார்கள். சும்மா கொடுத்ததைவிடக் கொஞ்சம் மேல் என்கிற விலை. அப்போது எல்லாருக்கும் வந்த யோசனை, ஜூஸ் போட்டு வைக்கலாமே என்பது. யோசனை சரி. ஆனால் ஏன் பலருக்குப் பலிக்கவில்லை?

பன்னீர் திராட்சையில் விதை உண்டு, ஆகவே கிஸ்மிஸ் போடத் தோதுப்படாது. ஓடைப்பட்டிப் பக்கத்து விதையில்லாத திராட்சை வேறு. பன்னீருக்கு ஏற்றது ஸ்குவாஷ், ஜாம், ரசம். வீட்டில் காய்ச்சிப் பாட்டிலில் ஊற்றினால் ஒரு வாரத்தில் பொங்கும். ஸ்குவாஷ் என்ற பெயரில் விற்க வேண்டுமென்றால் நூற்றுக்கு 25 பங்காவது பழரசம் இருக்க வேண்டும், கரைந்த சர்க்கரைச் சத்து 40 பங்காவது இருக்க வேண்டும். கெடாமல் இருக்கச் சேர்க்கிற பொருளிலும் விஷயம் இருக்கிறது. மாம்பழம், எலுமிச்சைக்குப் போடுகிற பொட்டாசியம் மெட்டா பைசல்பைட்டைத் திராட்சைக்குப் போட்டால் அந்தக் கருநீல நிறம் வெளுத்துவிடும். நிறமுள்ள பழத்துக்குச் சோடியம் பென்சோயேட். அதுவும் மிகச் சிறிய அளவு, கை அளவில் போடக்கூடாது, தராசு வேண்டும். பாட்டிலைக் கொதிநீரில் சுத்தம் செய்ய வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்க வேண்டும். 2020-ல் வருஷ விற்றுமுதல் 12 லட்சத்துக்குக் கீழே உள்ள சிறுதொழிலுக்கு அந்தப் பதிவுக் கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய்தான். இப்போதைய விதியை விண்ணப்பிக்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் பழம் அழுகிக்கொண்டிருக்கிற வாரத்தில் கற்றுக்கொள்ள முடியுமா? முடியாது. பஸ்ஸே ஓடாதபோது பயிற்சிக்கு எப்படிப் போவது? பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது, காமாட்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, ஆனைமலையன்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. நல்ல நாளில் போய்க் கேட்க வேண்டியவை இவை.

ஊரடங்கில் கைகொடுத்தது நமக்கு ஏற்கெனவே கைவந்த வேலைதான். வத்தல், வடகம், மோர் மிளகாய், ஊறுகாய். சித்திரை, வைகாசி வெயில் அந்த வருஷமும் அடித்தது, அதற்கு யாரும் பாஸ் கேட்கவில்லை! மலிந்து கிடந்த கத்தரி, கொத்தவரை, மாங்காய் வத்தலாயின. வத்தலுக்குப் பஸ் வரும்வரை காத்திருக்கத் தெரியும், திராட்சைக்குத் தெரியாது.

போனும் கடன் நோட்டும்

கூகுள் பே, போன் பே அட்டை பெட்டிக்கடைக்கெல்லாம் வந்தது அந்த நாட்களில்தான் வேகமெடுத்தது. ரூபாய் நோட்டைத் தொடவே பயந்தார்கள். வாட்ஸ்அப்பில் சரக்குப் படம் போட்டு ஆர்டர் எடுத்தார்கள். இதைப்பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஸ்கேன் அட்டை யார் கணக்கில் இருக்கிறது என்று பாருங்கள். கடை நடத்துவது நாம், காசு விழுவது மகன் கணக்கில் என்றால் பேங்கில் நம் தொழிலுக்குச் சாட்சியே இருக்காது.

யாரும் அதிகம் பேசாத விஷயம், கடன் சொல்லி வாங்கியவர்கள். தெருவை நம்பி விற்றால் தெருவுக்கு வேலை இல்லாதபோது கடன்தான் கொடுக்க வேண்டிவரும். மலைக்குக் கூலிக்குப் போகிற வீட்டில் காசு ஏது? நூறு நாள் வேலையும் 2020 ஏப்ரல் 20 வரை நின்றிருந்தது. அந்த மாதம் கூலியை 229-லிருந்து 256 ஆக உயர்த்தியும் வேலை இருந்தால்தானே கூலி? அரிசி கார்டுக்கு 1,000 ரூபாய் வந்த வாரமும், 2021-ல் இரண்டு தவணையாக 4,000 ரூபாய் வந்தபோதும்தான் சில்லறைக் கடைகளில் பழைய பாக்கி வசூலானது. வீட்டுக்கு இவ்வளவுக்கு மேல் கடன் இல்லை என்று முதலிலேயே கோடு போட்டவர்களின் முதல் தப்பியது. பக்கத்து வீட்டுக்காரியிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான், எனக்கும் தெரியும்.

டியூ தள்ளிப் போனது, வட்டி தள்ளிப் போகவில்லை

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். தொழிலை எப்படி மாற்றினார்கள் என்பதில் பாதி, கடனை எப்படி வைத்திருந்தார்கள் என்பதில் இருக்கிறது.

2020 மார்ச் 27-ந்தேதி ரிசர்வ் வங்கி, மூன்று மாத டியூவைத் தள்ளிவைக்க வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் அனுமதி கொடுத்தது. பிறகு அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டியது. மொத்தம் ஆறு மாதம். "கடனே கட்ட வேண்டாமாம்" என்று ஊரெல்லாம் பேச்சு. அது தவறு. அனுமதிதான், கட்டாயம் இல்லை. தள்ளிவைத்த காலத்துக்கு வட்டி ஏறிக்கொண்டேதான் இருந்தது.

ஒரு லட்சம் பாக்கி, வருஷத்துக்கு 12 சதவீத வட்டி என்று வையுங்கள். மாதம் 1,000 ரூபாய். ஆறு மாதம் ஒன்றும் கட்டாமல் இருந்தால் வட்டிக்கு வட்டியும் சேர்ந்து 6,152 ரூபாய் ஏறியிருக்கும். இதில் வட்டிக்கு வட்டியை மட்டும் திருப்பித் தருவதாக மத்திய அரசு 2020 அக்டோபரில் அறிவித்தது. அதாவது நம் கணக்கில் 152 ரூபாய் திரும்ப வரும். 6,000 ரூபாய் நம் தலையில்தான். இதைத் தெரிந்து தள்ளிவைத்தவர்கள் அந்தக் காசை முதலாகப் போட்டு மாவும் காய்கறியும் விற்றார்கள். மாதம் 1,000 ரூபாய்க்கு ஒரு லட்ச ரூபாய் கடனைத் தள்ளிவைப்பது அந்த நேரத்தில் மோசமான பேரம் இல்லை. தெரியாமல் தள்ளிவைத்தவர்கள் செப்டம்பரில் பாஸ்புக் பார்த்துத் திகைத்தார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. தள்ளிவைக்கலாம் என்று உத்தரவு இருந்த நாட்களிலேயே ஒரு பைனான்ஸ்காரர்கள் எங்கள் தெருவுக்கு வசூலுக்கு வந்தார்கள். "உங்க சென்டர்ல எல்லாரும் கட்டிட்டாங்க, நீங்க மட்டும் ஏன்?" என்று ஒவ்வொரு வீட்டிலும் அதையே சொன்னார்கள். நாலு வீட்டுக்காரர்கள் ஒன்றுசேர்ந்து பேசின பிறகுதான் யாருமே கட்டவில்லை என்று தெரிந்தது. கூட்டம் போடக்கூடாது என்பதால் குழுக் கூட்டம் நின்றிருந்தது. கூட்டம் நின்றால் செய்தியும் நின்றுவிடுகிறது. வாரம் ஒருமுறை ஊக்குநர் போனில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு விசாரித்த குழுக்களில் இந்த ஏமாற்று நடக்கவில்லை.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு சுயஉதவிக் குழுக்களுக்குச் சுமார் 2,756 கோடி ரூபாய் கடன் தள்ளுபடி அறிவித்தது. அது கூட்டுறவு அமைப்புகளில் வாங்கிய குழுக் கடனுக்குத்தான். மற்ற வங்கியிலும் பைனான்ஸிலும் வாங்கியதற்கு இல்லை. "தள்ளுபடி ஆயிருச்சு" என்று கேட்டு வங்கி டியூவை நிறுத்தியவர்களின் குழுவுக்கு அடுத்த லிங்கேஜ் இழுபட்டது.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் 2020-லேயே குடும்பஸ்ரீ குழுக்கள் வழியாக உறுப்பினர் ஒருவருக்கு 20,000 ரூபாய் வரை கடன் கொடுத்தார்கள், வட்டியை அரசு ஏற்றது. மொத்தம் 2,000 கோடி ரூபாய்த் திட்டம். நம் மாநிலத்தில் ஊரகப் புத்தாக்கத் திட்டத்தில் சுமார் 300 கோடி ரூபாயில் கோவிட் உதவித் தொகுப்பு வந்தது. குழுக்களுக்கு ஜாமீன் இல்லாத வங்கிக் கடன் வரம்பை 10 லட்சத்திலிருந்து 20 லட்சமாக உயர்த்துவதாக 2020 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்தது. நகராட்சிப் பகுதியில் தள்ளுவண்டி, தரைக்கடை போடுபவர்களுக்கு 2020 ஜூனில் ஸ்வநிதி கடன் வந்தது. அப்போது முதல் தவணை 10,000, 2025-ல் அதை 15,000 ஆக்கினார்கள். பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து டவுனில் விற்பவர்களும் கேட்கலாம்.

இவையெல்லாம் யாருக்குச் சீக்கிரம் கிடைத்தன தெரியுமா? தீர்மான நோட்டும் கணக்கு நோட்டும் அன்றைய தேதிவரை எழுதியிருந்த குழுக்களுக்கு. ஊரடங்கில் உட்கார்ந்து பழைய கணக்கை எழுதின குழுக்களுக்கு வரிசையில் பின்னால்தான் இடம்.

போன மாதம் அந்தக் கேள்வியைக் கேட்ட சகோதரி பூ வியாபாரம் செய்கிறவர். கோயில் மூடினால், கல்யாணம் நின்றால், தெருவில் அவரிடம் தினமும் ஒரு முழமாவது பூ வாங்குகிற வீடு எத்தனை என்று நான் கேட்டேன். யோசித்து, "முப்பது இருக்கும்" என்றார். எழுதி வைத்திருக்கிறாரா என்றால் இல்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு 40 பக்க நோட்டு கொண்டுவாருங்கள். உங்கள் தெருவில் உங்களிடம் வாங்கக்கூடிய வீடு, போன் நம்பர், அவர்கள் என்ன வாங்குவார்கள், கடன் வரம்பு எவ்வளவு என்று நாலு கோடு போட்டு அங்கேயே நிரப்புவோம். எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக் கொடுக்கட்டும். கூட்டம் வழக்கம்போல இரண்டாம் சனிக்கிழமை, காலை 11 மணி.